நாலாம் தட்டு

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தது பூங்கோதை அம்மா. பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். "தினமும் காலையில குகைக்குள்ள வச்சிருக்கிற ஆறு தட்டுலயும் எவ்வளவு மணல் விழுந்திருக்குன்னு அளந்து எழுதுங்க ஐயா. காத்து எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி. வேற எது தோணினாலும் எழுதலாம்" என்றார். தோன்றுவதையெல்லாம் எழுதச் சொன்னால் நோட்டு தாங்காது என்று எச்சரித்தேன். சிரித்தார். எச்சரித்தாயிற்று, இனி அவர் பாடு.

முதல் பக்கம் என்பதால் முறையாகத் தொடங்குகிறேன். பெயர் தனிஸ்லாஸ். செம்முனையில் கொத்தனார். ஊருக்குத் தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல்கல் மேட்டில், மேற்கு பார்த்து ஒரு குகை. உள்ளே மாதா சுருபம் இருப்பதால் நாங்கள் கெபி என்போம். காற்று குடைந்தது என்கிறார் பூங்கோதை அம்மா. மாதா குடைந்தாள் என்கிறது ஊர். யார் குடைந்திருந்தாலும் கூலி கேட்டு வரவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள். அன்று காலை, அந்த வருடம் பிறந்த பிள்ளைகளைக் குகைத் தரையில் வெள்ளைத் துணி விரித்துப் படுக்கவைப்போம். 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று முறை சொல்லும் நேரம்தான். மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று மேலே பட்ட பிள்ளைக்குக் கடல் பயம் வராது என்பது நம்பிக்கை. போன மாதம் குகையின் மேற்கூரையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில் விழுந்தது. யார் மேலும் விழவில்லை. ஆனாலும் இந்த வருடம் பிள்ளைகளைக் கிடத்தலாமா என்று கோயில் கமிட்டிக்குச் சந்தேகம். காற்றுக் காலத்தில் இரண்டு மாதம் அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார் பூங்கோதை அம்மா. அளக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

காரணம், மேலே இருக்கிற சிமெண்ட் பூச்சு என்னுடையது. முன்பெல்லாம் கெபிக்குள் போனால் தலையில் மணல் உதிரும். ஐந்து வருடத்துக்கு முன் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று கலந்து, ஓரம் தவிர முழுக் கூரையையும் பூசி அடைத்தேன். சாந்து எடுத்துக் கொடுத்தது என் மனைவி ரெஜினா. அவள் போய் மூன்று வருடம். அது இந்த நோட்டுக்கு வேண்டாத விஷயம்.

என் பூச்சு நிற்கிறதா இல்லையா என்று ஆறு தட்டும் சாட்சி சொல்லட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

காற்று: கச்சான், நடுத்தரம். முதல் தட்டு 2 மில்லி, இரண்டு 1, மூன்று 4, ஐந்து 2, ஆறு 1. நாலாம் தட்டு காற்றில் கவிழ்ந்துவிட்டது. கணக்கில்லை.

தட்டில் விழும் மணல் எல்லாம் குகை மணல் இல்லை. மேற்கே இருக்கிற செம்மணல் தேரியிலிருந்து காற்று அள்ளிவருவது சிவப்பு. குகைக் கல் உதிர்ந்தால் வெளுப்பு. முப்பத்தெட்டு வருடம் மணல் சலித்தவனுக்கு இதைப் பிரிக்கக் கண்ணாடி வேண்டாம். வெளுப்பை மட்டும்தான் எழுதுகிறேன்.

தட்டுகளின் இடத்தையும் குறிக்கச் சொன்னார். ஒன்று, இரண்டு சுருபத்தின் பக்கம். மூன்று பூச்சு முடியும் ஓரத்தில். ஐந்து, ஆறு இடப்பக்கம். நாலாம் தட்டு வாசலிலிருந்து நாலடி உள்ளே, வலப்பக்கம். அதற்கு நேர் மேலே பூச்சில் ஒரு கை அச்சு இருக்கிறது. சாந்து ஈரமாக இருந்தபோது ரெஜினா சாரத்தில் ஏறி, "என் வேலையும் இதுல இருக்குல்லா" என்று அறைந்து பதித்தது. மட்டம் கெட்டுவிட்டதென்று கத்தினேன். அடையாளத்துக்காகச் சொல்கிறேன்.

ஜூன் 14, சனி

கமிட்டித் தலைவர் கஸ்பார் வழியில் பிடித்துக்கொண்டார். சின்ன வயதிலிருந்து கூட்டாளி.

"என்ன வே, மண்ண வாரி அளந்து அளந்து எழுதுதீராமே. சாயங்காலமும் போறீராமே?"

"தட்டு சரியா இருக்கான்னு பாக்கப் போறேன்."

"தட்டு எங்க ஓடிரப் போவுது?" என்று சிரித்தார். பிறகு அவராகவே சிரிப்பை நிறுத்திக்கொண்டு மீன் விலையைப் பற்றிப் பேசினார்.

நாலாம் தட்டு இன்றும் கவிழ்ந்திருந்தது.

ஜூன் 21, சனி

கச்சான் உச்சம். வள்ளம் ஒன்றுகூட இறங்கவில்லை. கண்ணைத் திறந்தால் மண், வாயைத் திறந்தால் மண். உலர்த்திய வேட்டி கோயில் கொடிமரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. ஊரே பார்த்தது.

மகள் ஷைனி பிள்ளையோடு வந்துவிட்டாள். திருநாள் முடிகிறவரை இங்கேதான். பேத்தி ஜோவிட்டாவுக்கு இரண்டு மாதம். ரெஜினா இருந்தால் பிள்ளைபெற்றவளுக்குப் பத்தியம் பார்த்துச் சமைத்திருப்பாள். நான் பூண்டுக் குழம்பு வைத்தேன். "சிமெண்டு மாதிரி இறுகிப்போச்சுப்பா" என்றாள் மகள். ஆனாலும் இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டாள்.

மூன்றாம் தட்டு 9. மற்றவை 2, 2, 1, 1. நாலு, கவிழ்ந்தது.

ஜூன் 29, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் பூங்கோதை அம்மா கெபி வாசலில் உட்கார்ந்திருக்கிறார். தலைமுடி முழுக்கத் தேரி மண். குகைச் சுவரின் அடிப்பக்கத்தைக் காட்டினார். முழங்கால் உயரத்துக்கு, உள்ளே ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்குக் குடைந்து போயிருக்கிறது.

"வெறும் காத்துக்குப் பாறைய வெட்டுற பலம் இல்லைங்க ஐயா. மணலோட வந்தாத்தான் வெட்டும். மணல் கனமா இருக்கிறதால பெரும்பாலும் முழங்காலுக்கு மேல எழும்பாது. அதனாலதான் கீழ மட்டும் இப்படி."

"அப்ப மேல கூரை எப்படிம்மா குடைஞ்சுது? அங்க மணல் போவாதே."

"அது உப்போட வேலை. கடல் சாரல் கல்லுக்குள்ள ஊறுது. காத்து அதைக் காய வைக்குது. தண்ணி போயிடும், உப்பு உள்ளேயே பூக்கும். பூத்துப் பூத்து மணல் மணலா கல்லைத் தள்ளிவிடும். உதிர்ந்ததைக் காத்து பெருக்கிட்டுப் போயிடும். திரும்ப சாரல், திரும்ப உப்பு. இப்படி ஆயிரக்கணக்கான வருஷம்."

"அப்ப உப்புதான் கொத்தனாரு. காத்து சித்தாளு."

அவருக்கு அது பிடித்துப்போய்த் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நல்ல சித்தாள் இல்லாமல் எந்தக் கொத்தனாரும் வேலை முடித்ததில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

பக்கங்களைப் புரட்டினார். "நாலாம் தட்டு மட்டும் ஏன் ஐயா தினமும் கவிழுது?"

"நாயிம்மா. ஊர்நாய் ஒண்ணு வந்து புரட்டிருது."

எழுந்து போய், இரண்டு கருங்கல்லைப் பொறுக்கிவந்து நாலாம் தட்டின் இரு பக்கமும் முட்டுக்கொடுத்தார். "இனி கவிழாது" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 5, சனி

காற்று பலம். நாலாம் தட்டு எழுத விட்டுப்போயிற்று.

ஜூலை 12, சனி

ஷைனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னோடு கெபிக்கு வந்தாள். கை அச்சுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "பாட்டி கை பாரு, பாட்டி கை" என்று பிள்ளைக்குக் காட்டினாள். பிள்ளை என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, திருநாளுக்கு இவள இந்த இடத்துலதான் போடணும். அம்மா கைக்கு நேர் கீழ. கஸ்பார் மாமாகிட்ட இப்பமே சொல்லி வைங்க."

"இங்க தட்டு இருக்கே."

"தட்ட எடுத்துரலாம்லா."

வெயில் ஏறுகிறது, பிள்ளைக்கு ஆகாது என்று இருவரையும் வெளியே கூட்டிவந்துவிட்டேன். அப்போது காலை மணி ஏழு.

ஜூலை 19, சனி

ஏணி போட்டுக் கூரையைத் தட்டிப் பார்த்தேன். கரண்டிக் காம்பால் தட்டினால் பூச்சே சொல்லிவிடும். கல்லைப் பிடித்திருந்தால் டக் என்று கெட்டிச் சத்தம். விட்டிருந்தால் பானையைத் தட்டியதுபோல் பொத் என்று கேட்கும். சுருபத்துக்கு மேலே டக். இடப்பக்கம் டக், டக், ஓர் இடத்தில் பொத். ஓரத்தில் பொத். வலப்பக்கம் தட்டவில்லை. தோள் வலித்தது. ஏணியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

காலையில் மூன்றாம் தட்டை எடுக்கக் குனிந்தேன். முதுகில் ஏதோ அடித்தது. பூச்சின் ஓரத்திலிருந்து ஒரு சில், செங்கல் அளவு. வலி பெரிதில்லை. சில்லைப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் ஈரம். நாலு நாளாகக் கொளுத்துகிற வெயிலில், இந்தக் காற்றில், ஈரம். அதில் அப்பிக்கொண்டிருந்த மணலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

ஏணியை மறுபடி கொண்டுவந்து ஏறிப் பார்த்தேன். பூச்சு விழுந்த இடத்தில் கல் இல்லை. கல் இருந்த இடத்தில் ஈர மணல். விரலை விட்டால் விரல் போகிறது. ஒரு சாண் தள்ளி, நான் பூசாமல் விட்ட வெறும் கல் காய்ந்து கெட்டியாக நிற்கிறது. அதில் கரண்டியால் அடித்தேன், கரண்டி திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். களைந்ததையே மறுபடி களைந்தேன். ஷைனி, "என்னப்பா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

சாரல் மேட்டின் தலையில் விழுந்து உள்ளே இறங்குகிறது. முன்பு கூரை வழியே காய்ந்து வெளியே போகும், போகிறபோது நாலு மணலை உதிர்க்கும். அந்த நாலு மணல் ஊரார் தலையில் விழுகிறதென்று நான் கல்லின் வாயைச் சிமெண்டால் அடைத்தேன். உள்ளே போன உப்புக்கு வெளியே வர வழியில்லை. ஐந்து வருடமாகப் பூச்சுக்குப் பின்னால் உட்கார்ந்து கல்லைத் தின்கிறது. கலவையில் குறையில்லை. தண்ணீர் ஊற்றியதில் குறையில்லை. பூச்சு நல்ல பூச்சுதான். அதுதான் கோளாறு.

ஜூலை 26, சனி

பூங்கோதை அம்மாவுக்கு. நாலாம் தட்டு ஒரு நாளும் கவிழவில்லை. நாயும் வரவில்லை. எல்லா நாளும் அளந்தேன். எழுதவில்லை, அவ்வளவே. தப்பான அளவை எழுத மனம் வரவில்லை, சரியான அளவை எழுதக் கை வரவில்லை. அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அட்டைக்குள் மறையும் இடத்தில், பென்சிலால் குறித்து வைத்தேன். இங்கே பேனாவில் எழுதுகிறேன்.

ஜூன் 10: 11 மில்லி. ஜூன் 14: 13. ஜூன் 21: 30. ஜூன் 29: 34. ஜூலை 5: 41. ஜூலை 12, ஷைனி பிள்ளையோடு அங்கே நின்ற அன்று: 46. ஜூலை 19: 58. இன்று அளவுக் குப்பி போதவில்லை. இரண்டு முறை நிரப்பினேன்.

நாலாம் தட்டுக்கு மேலே இன்று தட்டிப் பார்த்தேன். அவள் விரல்களுக்கு நடுவே மெதுவாகத்தான் தட்டினேன். பொத்.

ஜூலை 27, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கமிட்டி. நின்றுகொண்டே சொன்னேன். "கூரை பிள்ளைங்க மேல விழும். என் பூச்சுதான் காரணம். நான் போட்டத நானே எடுக்கேன்."

எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். திருநாளுக்கு மூன்று வாரம்கூட இல்லை, இப்போது போய் இடிப்பதா என்றார்கள். கம்பி வலை அடித்து மேலே இன்னொரு பூச்சுப் பூசலாம் என்று ஒருவர் சொன்னார். ஐந்து வருடத்துக்கு முன் நான் பேசியதுபோலவே பேசினார். அவர்மேல் கோபமாக வந்தது.

"புண்ணுக்கு மேல புண்ணு வைக்கச் சொல்லுதியளா? முடியாது."

கஸ்பார் என்னைத் தனியாக வெளியே கூட்டிப்போனார். "வே, முழுசையும் எடும். அந்தக் கை இருக்கிற துண்டு மட்டும் நிக்கட்டுமே. யாரையும் அதுக்கு அடியில விடாம பாத்துக்கிடுதேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். என் மனதும் அந்தப் பக்கம் சாய்ந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் விழப்போகிற கூரையில் அந்தத் துண்டுதான் முதலில் விழும். என் மனைவி கை எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை. இனியும் அடிக்க விடமாட்டேன் என்றேன். கஸ்பார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காற்றில் மண் பட்டுவிட்டதாம்.

ஜூலை 28, திங்கள்

ஷைனியிடம் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அம்மா போட்டோல சிரிக்கவே மாட்டா. குரலும் எதுலயும் இல்ல. அந்தக் கை ஒண்ணுதான் இருக்கு. ஒரு தடவ போன அம்மாவ ரெண்டாவது தடவையும் எடுக்கப் போறீங்களா?"

குழம்பு வைத்தேன். யாரும் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சாரம் கட்டியாயிற்று. சுருபத்தைப் பங்குச் சாமியாரும் கஸ்பாரும் கோயிலுக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். பின்பக்கத்திலிருந்து கொத்தத் தொடங்கினேன். சிமெண்ட் லேசில் விடவில்லை. இவ்வளவு நன்றாகப் பூசியவனைத் திட்டிக்கொண்டே கொத்தினேன்.

ஷைனி இன்னும் பேசவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாதி முடிந்தது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். பின்பக்கம் கல் நன்றாக இருக்கிறது. முன்னால் வர வர, பூச்சை எடுத்தால் கூடவே மணல் சரிகிறது. தளர்ந்ததையெல்லாம் கெட்டிக் கல் வருகிறவரை சுரண்டுகிறேன். அறுபது வயதில் இது தேவையா என்று கஸ்பார் கேட்டார். ஐம்பத்தைந்து வயதில்தான் தேவையில்லாததைச் செய்தேன் என்றேன்.

காலையில் பிள்ளையின் துணிகளை அலசிப் போட்டேன். வேட்டி பறந்த பிறகு எல்லாவற்றுக்கும் இரண்டு கிளிப்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கை மட்டும் பாக்கி. சுற்றிலும் வெட்டிவிட்டேன். கூரையில் ஒரு முறத்தளவு சிமெண்ட், நடுவில் ஐந்து விரல். கீழே சாக்கு, சாக்குக்கு மேல் ஒரு முழத்துக்கு மணல். துண்டை முழுசாக இறக்க வேண்டும். ஒரு கையால் தாங்கி மறு கையால் உளி பிடித்துப் பார்த்தேன். சரிப்படவில்லை. பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். கஸ்பாரைக் கூப்பிட மனம் வரவில்லை. கெபி வாசலைக் கட்டையால் அடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

காலை ஆறரைக்கு நான் ஏறி நின்றபோது கீழே ஷைனி. பிள்ளையைக் கஸ்பார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். அவள் அம்மா ஏறியதுபோலவே இடக்காலை முதலில் வைத்து ஏறினாள். இரண்டு கையாலும் பலகையை ஏந்திப் பூச்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"அடிங்கப்பா."

உளியை வைத்தேன். பலமாக அடிக்கவேண்டும் என்று மூச்சை இழுத்தேன். அடிக்கவே இல்லை, உளி தொட்ட மாத்திரத்தில் துண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டது. கூடவே ஒரு சட்டி மணல் எங்கள் இருவர் தலையிலும். அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது எதுவுமே இல்லை. விளிம்பில் மட்டும் கல்லோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மேலே பள்ளம். என் கையை விட்டேன், முழங்கைவரை போயிற்று. உப்பும் ஈரமும். ஷைனியும் விட்டுப் பார்த்தாள். கையை எடுத்து, விரலில் ஒட்டிய மணலைப் பார்த்துக்கொண்டே, "இதுக்கு அடியிலதான நான் பிள்ளையப் போடச் சொன்னேன்" என்றாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்.

இறக்கும்போது பலகை சாய்ந்து சுண்டுவிரல் ஓரம் உடைந்துவிட்டது. மற்ற நாலும் இருக்கிறது. சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பூங்கோதை அம்மா வந்தார். நோட்டை முழுதும் படித்தார், ஜூலை 26ஐ இரண்டு தரம். திட்டுவார் என்று நின்றேன். சாரத்தில் ஏறி, சின்னச் சுத்தியலால் சாண் சாணாகத் தட்டி, நான் விட்ட இரண்டு தளர்ந்த இடங்களைக் கண்டுபிடித்துச் சுரண்டவைத்தார்.

"இப்ப இருக்கிறது கெட்டிக் கல்லு. இனி ஒண்ணும் பூசாதீங்க. தினமும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும், அது குகையோட பழக்கம். நாலு நாள் அளங்க. நாலாம் தட்டுல அஞ்சு மில்லிக்குக் கீழ வந்தா, வாசல்லேர்ந்து ஆறடி வரைக்கும் பிள்ளைங்களைப் படுக்க வைக்கலாம்."

"கூடுனா?"

"கூடுனா வெளியதான். நீங்க என்ன எழுதுறீங்களோ அதை வச்சுத்தான் முடிவுன்னு கமிட்டிகிட்ட சொல்லிட்டுப் போறேன்."

நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நாலாம் தட்டைப் பொய்யாக எழுதியவனிடம்.

ஆகஸ்ட் 12: நாலாம் தட்டு 17.

ஆகஸ்ட் 13: 9. ஷைனி கேட்டாள், சொன்னேன். ஏழு என்று சொல்ல நாக்கு அரித்தது. ஒன்பது என்றுதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 14: 6. கஸ்பார் வந்து, "ஆறுக்கும் அஞ்சுக்கும் என்ன வே பெரிய தூரம்?" என்றார். ஒரு மில்லி தூரம் என்றேன். வெளியே பந்தல் போட ஆள் அனுப்பிவிட்டார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடியும்போதே போனேன். இரவெல்லாம் கச்சான் நன்றாக வீசியிருந்தது. தட்டில் சிவப்பு நிறைய. வெளுப்பைத் தனியாகப் பிரிக்க அரை மணி நேரம் ஆயிற்று. குப்பியை மூன்று முறை கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கஸ்பாரையும் ஷைனியையும் பார்க்கச் சொன்னேன்.

நாலாம் தட்டு: 3 மில்லி.

கஸ்பார் ஊருக்குள் ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும். அறுபது வயதுக்காரர் ஓடுகிற ஓட்டமா அது.

இந்த வருடம் ஏழு பிள்ளைகள். ஆறடிக்குள் துணி விரித்தோம். முதலில் நான் போய் அந்த இடத்தில் மல்லாந்து படுத்து, மூன்று செபமும் முழுசாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். பிறகு நாலாம் தட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஷைனி ஜோவிட்டாவைப் படுக்கவைத்தாள். மற்ற ஆறும் அழுதன. இவள் மேலே கை இருந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாவது செபம் முடிகிற நேரம் மேலேயிருந்து ஒன்று விழுந்தது. வெளுப்பு. குகை மணல்தான்.

ஜோவிட்டா நெற்றியில்: ஒரு மணல். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், பூங்கோதை அம்மா.